மூன்றாம் வகுப்பும் ஆகாய மார்க்கமும்

நம் சங்கத்தின் மலர்க் குழுவினர் இவ்வாண்டும் கட்டுரை ஒன்று கேட்டு வந்தபொழுது, எதைப் பற்றி எழுதுவது என்று நாம் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. 2024-ஆம் ஆண்டு பூஜை விடுமுறையில் குடும்பத்துடன் நான்கு நாள் சிங்கப்பூர் நகரைச் சுற்றிப் பார்த்துத் திரும்பியது முதல், காலனியில் நம்மைக் காணும் அன்பர்கள் யாவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “எந்தக் கம்பெனி விமானம் சௌகரியம்?” என்பதே அது. கோவில் வாசலிலும், சந்தையிலும், காரியாலயத்தில் தேநீர் வேளையிலும் இதற்கு விடை சொல்லி அலுத்துப் போனோம். போகும்போது மலிவுக் கட்டண விமானத்திலும், வரும்போது முழுக் கட்டண விமானத்திலும் பிரயாணம் செய்தோமாகையால், ஒப்பிட்டுச் சொல்ல நாமே தகுதி உடையவர் என்று அன்பர்கள் கருதுகிறார்கள் போலும். ஆனால் இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் ஏறக்குறைய நூறாண்டுச் சரித்திரம் இருக்கிறது. அது ரயில்வேக்காரர்களாகிய நமக்கு நன்கு பழகிப்போன ஒரு சொல்லின் சரித்திரமும் ஆகும். “வகுப்பு” என்பதே அச்சொல்.

முதலில் ஒரு விஷயத்தை ரயில்வே குடும்பங்கள் பெருமையுடன் தெரிந்துகொள்ளலாம். இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு முதன்முதல் ஏற்பட்ட பிரயாணிகள் விமான சர்வீஸ், ரயிலின் உதவியின்றி வந்து சேரவில்லை! 1929-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 30-ந் தேதி இம்பீரியல் ஏர்வேஸ் என்னும் பிரிட்டிஷ் கம்பெனி லண்டனுக்கும் கராச்சிக்கும் இடையே அந்தச் சர்வீஸைத் தொடங்கியது. பிரயாணிகள் லண்டனை அடுத்த கிராய்டனிலிருந்து ஸ்விட்ஸர்லாந்தில் உள்ள பேஸல் நகரம் வரை பறந்தார்கள். அங்கே இறங்கி இரவு ரயிலில் ஏறி இத்தாலியின் ஜெனோவாத் துறைமுகம் சேர்ந்தார்கள். ஜெனோவாவிலிருந்து நீர்விமானத்தில் மத்தியதரைக் கடலைத் தாண்டி அலெக்ஸாண்டிரியா. அப்பால் வேறொரு விமானத்தில் பாலைவனங்களின் மேலாகக் கராச்சி. மொத்தம் ஏழு நாள். கட்டணம் 130 பவுன். அக்காலத்தில் ஒரு சாதாரண இந்தியக் குமாஸ்தா பல ஆண்டு உழைத்தாலும் சேர்க்க முடியாத தொகை அது. கராச்சியில் இறங்கிய துரைமார்கள் அங்கிருந்து மேலே செல்ல மறுபடியும் ரயிலைத்தான் நாடினார்கள்.

அந்நாளில் சௌகரியம் என்பதற்கு ரயிலே இலக்கணமாக இருந்தது. 1931-ல் இக்கம்பெனி ஓடவிட்ட “ஹானிபால்” ரக விமானத்தின் உட்புறத்தை ரயில்வேயின் புல்மன் சலூன் பெட்டியைப் போலவே அமைத்தார்கள். எதிரெதிரே பஞ்சு மெத்தை ஆசனங்கள், நடுவே மேஜை, ஜன்னலுக்குத் திரைச்சீலை. பரிசாரகர் பீங்கான் தட்டில் உணவு பரிமாறுவார். கீழை நாட்டு மார்க்கத்தில் இவ்விமானம் 24 பேருக்கு மேல் ஏற்றுவதில்லை. நான்கு எஞ்சின், இரண்டடுக்கு இறக்கை. இவ்வளவு இருந்தும் வேகம் மணிக்குச் சுமார் 100 மைல்தான்! அந்த வேகத்தை இன்று நம் எக்ஸ்பிரஸ் வண்டிகளில் சில எட்டிப் பிடித்துவிட்டன.

எனினும் அந்தப் பிரயாணம் இன்பமாக இருந்தது என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடக்கூடாது. அக்கால விமானங்களுக்கு உயரே சென்று காற்றுக் கொந்தளிப்பைத் தவிர்க்கும் சக்தி இல்லை. மேலே போனால் மூச்சு முட்டும். ஆகவே தாழ்வாகப் பறந்து, வெயிற்காலத்துக் காற்றில் மாட்டுவண்டிபோல் குலுங்கின. எஞ்சினின் இரைச்சல் தாங்காமல் காதுக்குப் பஞ்சு கொடுத்தார்கள். குமட்டல் சர்வசாதாரணம். 1930-ல் அமெரிக்காவில் எலன் சர்ச் என்ற மாது முதல் விமானப் பணிப்பெண்ணாக அமர்ந்தபோது, அவரை நியமித்ததற்கு ஒரு காரணம் அவர் பயிற்சி பெற்ற நர்ஸ் என்பதே. பணிப்பெண் என்றால் புன்னகை என்று இன்று எண்ணுகிறோம். தொடக்கத்தில் அது வாந்தியெடுப்போரைத் தாங்கிப் பிடிக்கும் வேலை.

1933-ஆம் ஆண்டில் இம்மார்க்கம் கராச்சியிலிருந்து கல்கத்தாவுக்கும், பின்னர் அக்கியாப், ரங்கூன், பாங்காக், அலோர் ஸ்டார் வழியாகச் சிங்கப்பூருக்கும் நீண்டது. நான்கு மணி நேரத்தில் நாம் இன்று தூங்கிக்கொண்டே கடக்கும் வழியில் அத்தனை இடத்தில் இறங்கி ஏறினார்கள். 1930-களின் பிற்பகுதியில் இவ்வழிக்குப் பெரிய நீர்விமானங்கள் வந்தன. அவை கல்கத்தாவில் எங்கே இறங்கின தெரியுமா? பாலியில், ஹூக்ளி நதியின்மேல்! 1931-ல் திறக்கப்பட்ட வில்லிங்டன் ரயில் பாலத்தை, இன்று விவேகானந்தர் பெயரால் வழங்கும் அதே பாலத்தை, நம்மில் பலர் எத்தனையோ முறை கடந்திருக்கிறோம். அடுத்த முறை கடக்கையில் ஜன்னல் வழியே கீழே பாருங்கள். அந்த நீர்ப்பரப்பு ஒரு காலத்தில் விமான நிலையமாக விளங்கியது.

அந்த நீர்விமானங்களைப் போன்ற சௌகரியம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் சாதாரணப் பிரயாணிக்கு வாய்க்கவில்லை எனலாம். புகை பிடிக்கத் தனி அறை, எழுந்து நின்று கைப்பிடிக் கம்பியில் சாய்ந்தபடி ஜன்னல் வழியே காட்டையும் நதியையும் பார்க்க உலாவுமிடம், சமையற்கட்டு, இரவானால் தரையிறங்கி நல்ல விடுதியில் தூக்கம். அதில் வகுப்பு வேற்றுமை கிடையாது. காரணம் வெகு எளிது. ஏறியவர்கள் யாவரும் முதல் வகுப்பினரே, மற்றவர்கள் ஏறவேயில்லை.

மற்றவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதைத் தமிழ்க் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் கப்பலில் இருந்தார்கள். 1926-ல் கட்டப்பட்ட “ரஜூலா” என்னும் கப்பலின் பெயரைக் கேட்டிராத தஞ்சை ஜில்லாக் குடும்பம் உண்டா? சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு அது சுமார் ஒரு வார காலத்தில் போய்ச் சேரும். ஆயிரக்கணக்கில் ஏறியவர்களில் பெரும்பாலோர் மேல்தளப் பிரயாணிகள். அவர்களுக்குக் கட்டிலும் இல்லை, நாற்காலியும் இல்லை. தளத்தில் பாய் விரித்த இடமே சொந்த இடம். நம் தாய்வழிப் பாட்டனாரும் அப்படிச் சென்றவரே. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். படகில் சென்று ஏணி வழியாக ஏற வேண்டும். இரண்டு தகரப் பெட்டிகளுக்கு இடையே பாயை விரித்துக்கொண்டு அவர் ஏழு நாளும் போன கதையை அம்மா சொல்லக் கேட்டே நாம் வளர்ந்தோம். ரஜூலா 1973-ல் அம்மார்க்கத்திலிருந்து ஓய்வு பெற்றது. அடுத்து வந்த “சிதம்பரம்” கப்பல் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றி உயிர்ச் சேதம் விளைந்தது. அத்துடன் அந்தக் கப்பல் வழியே அற்றுப் போயிற்று.

சுதந்திரத்துக்குப் பின் நம் நாட்டு விமானமும் கடல் கடந்தது. 1948 ஜூன் 8-ந் தேதி “மலபார் பிரின்ஸஸ்” என்னும் ஏர் இந்தியா விமானம் 35 பிரயாணிகளுடன் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜினீவா வழியாக லண்டன் புறப்பட்டது. 1954-ல் சென்னை வழியாகச் சிங்கப்பூருக்கும் சர்வீஸ் ஏற்பட்டது. ஆனால் அதற்குள் ஆகாயத்தில் வகுப்பு பிறந்துவிட்டது. யுத்தத்தில் பெரிய விமானங்கள் கட்டப் பழகிக்கொண்டார்கள், இடம் மிஞ்சியது, அவற்றை நிரப்ப வேண்டியதாயிற்று. 1952 மே மாதம் அட்லாண்டிக் சமுத்திர மார்க்கத்தில் “டூரிஸ்ட்” வகுப்பும், 1958-ல் அதனினும் மலிவான “எகானமி” வகுப்பும் நடைமுறைக்கு வந்தன. ரயிலில் இண்டர் கிளாஸும் மூன்றாம் வகுப்பும் பிறந்ததற்கு என்ன நியாயமோ, அதே நியாயம்தான் இங்கும்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. அந்நாளில் விமானக் கட்டணங்களைக் கம்பெனிகள் தம் இஷ்டப்படி வைக்க முடியாது. 1945-ல் அமைந்த சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் கூடி நிர்ணயிக்கும். எல்லோருக்கும் ஒரே கட்டணம். (அதுவும் நம்முடையதைப் போல் ஒரு சங்கமே, ஆனால் அபராதம் விதிக்கும் சக்தி வாய்ந்தது!) கட்டணத்தில் போட்டி இல்லையென்றால் போட்டி எதில் ஏற்படும்? சாப்பாட்டிலும் இருக்கையிலும்தான். ஆகவே எகானமி வகுப்பாருக்கு அதிக சௌகரியம் கொடுத்துவிடக்கூடாது என்று சங்கம் விதி செய்தது. இருக்கைக்கும் இருக்கைக்கும் இடைவெளி 34 அங்குலத்துக்கு மேல் போகலாகாது. உணவு ஆறிய, எளிய, மலிவான ஸாண்ட்விச்சாக இருக்க வேண்டும். ஸ்காண்டிநேவிய நாட்டுக் கம்பெனி என்ன செய்தது? ஸாண்ட்விச் என்ற பெயரில், ரொட்டியே கண்ணுக்குத் தெரியாதபடி மேலே இறைச்சியும் மீனும் காய்கறியும் அடுக்கிப் பரிமாறிற்று. இது ஸாண்ட்விச் அல்ல, சாப்பாடு என்று அமெரிக்கக் கம்பெனியான பான் அமெரிக்கன் வழக்குத் தொடுத்தது. பெரிய மனிதர்கள் லண்டனில் கூடி, ரொட்டிக்கும் கறிக்கும் உள்ள விகிதத்தை ஆராய்ந்து, கடைசியில் ஸ்காண்டிநேவியக் கம்பெனிக்கு அபராதம் விதித்தார்கள். இலையில் அதிகம் பரிமாறியதற்காக அபராதம் கட்டியவர் உலக சரித்திரத்தில் வேறு எவரேனும் உண்டோ, அறியோம்.

அந்த 34 அங்குலத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். அது அன்று மேல் வரம்பு.

1958-ல் போயிங் 707 ஜெட் விமானம் பிரயாணிகளை ஏற்றத் தொடங்கியதும் உடற்சிரமம் மிகவும் குறைந்தது. மேகத்துக்கு மேலே பறந்ததால் குலுக்கல் குறைவு. பழைய எஞ்சின்களின் ஓயாத அதிர்வும் இல்லை. வழியில் தங்கும் இரவுகளும் இல்லை. 1962-ல் ஏர் இந்தியா தன் விமானங்கள் யாவற்றையும் ஜெட் ஆக்கி, உலகில் அவ்வாறு செய்த முதல் கம்பெனி என்ற புகழையும் பெற்றது. 1971-ல் அக்கம்பெனிக்கு “எம்பரர் அசோகா” என்ற ஜம்போ விமானம் வந்தது. வெளியே ஜன்னல்தோறும் ராஜபுதன மாடம் போன்ற சித்திரம்; மாடிப்படி ஏறினால் முதல் வகுப்பாருக்கு ஓய்வறை. அந்த விமானத்தைப் பார்ப்பதற்கென்றே அந்நாளில் பம்பாயில் மக்கள் கூடினார்கள் என்பதில் வியப்பில்லை.

ஆனால் ஜம்போவின் கீழ்த்தளத்தில் மற்றொரு கணக்கு நடந்தது. தொடக்கத்தில் எகானமி வகுப்பில் ஒரு வரிசைக்கு ஒன்பது இருக்கைகள் இருந்தன. விமானத்தின் அகலம் ஓர் அங்குலமும் கூடாமலே சில ஆண்டுகளில் ஒன்பது பத்தாயிற்று. 1978-ல் அமெரிக்கா விமானக் கட்டணங்களின்மீது இருந்த கட்டுப்பாட்டைச் சட்டப்படி அகற்றியது. அதற்கு முன்பே ஆசியாவில் கட்டு தளர்ந்திருந்தது. 1972-ல் தனிக் கம்பெனியான சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அந்தச் சர்வதேச சங்கத்தில் அப்போது சேராதபடியால், மற்றவர்கள் காசு வாங்க வேண்டிய பானத்தையும் காதுக் கருவியையும் எகானமி வகுப்பாருக்கும் இலவசமாகவே கொடுத்துப் பெயர் வாங்கிற்று. 1970-களின் கடைசியில் முழுக் கட்டணம் கொடுக்கும் வியாபாரிகளுக்கென்று நடுவே ஒரு வகுப்பு தோன்றியது. 1995-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் முதல் வகுப்பில் படுக்கையே போட்டது. 2000-ல் நடு வகுப்புக்கும் படுக்கை வந்தது. பின் வரிசைக்காரர்களின் இடைவெளியோ 34 போய் 32, 31 என்று இறங்கி, மலிவுக் கம்பெனிகளில் 29, 28 ஆயிற்று.

மலிவுக் கம்பெனிகளைப் பழிப்பது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. நாம் அந்தக் கோஷ்டியில் சேர விரும்பவில்லை. 2001-ல் டோனி பெர்னாண்டஸ் என்பவர் கடனில் மூழ்கியிருந்த ஏர் ஏசியாவை ஒரே ஒரு ரிங்கிட் விலைக்கு வாங்கினார். நம் நாட்டில் 2003-ல் காப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான், 2005-ல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், 2006-ல் இண்டிகோ என்று வரிசையாக வந்தன. இவை இல்லாவிடில் வளைகுடா நாட்டுக்குக் கொத்தனாரும், மலேயாவுக்குப் பேரப்பிள்ளையைப் பார்க்கப் பாட்டியும் பறந்திருப்பார்களா? ரயில்வே குமாஸ்தா நான்கு நாள் சிங்கப்பூர் போவது கனவிலும் நடந்திராது. முப்பது இருக்கை கூடுதலாகப் போட்டதால்தான் நமக்கு ஓர் இருக்கை கிடைத்தது. இதை மறப்பது நன்றியல்ல.

ஆயினும் ரயிலின் சரித்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கையில் மனத்தில் ஒரு குறுகுறுப்பு எழுகிறது. 1917-ல் மகாத்மா காந்தி மூன்றாம் வகுப்பின் அவலத்தைப் பற்றிச் சிறு பிரசுரம் வெளியிட்டார். பம்பாயிலிருந்து சென்னைக்கு வந்த தம் பிரயாணத்தில், 22 பேருக்கென்று குறிக்கப்பட்ட பெட்டியில் வழியில் பெரும்பகுதியும் 35 பேருக்குக் குறையாமல் இருந்ததை எழுதினார். 1974-ல் மூன்றாம் வகுப்பு என்ற பெயர் ஒழிந்தது. பெயர் மட்டும் ஒழிந்து என்ன பயன், பலகை பலகைதானே என்று மக்கள் கேட்டார்கள். 1977-ல் ரயில்வே மந்திரியான மது தண்டவதே அந்த மரப் பலகைகளின்மேல் இரண்டு அங்குல மெத்தை போடச் செய்தார். இரண்டே அங்குலம்! இந்நாட்டில் கோடிக்கணக்கான முதுகெலும்புகள் அவருக்குக் கடமைப்பட்டிருக்கின்றன. அதற்கு மாறாகவும் ரயிலில் ஒன்று நடந்தது. 2007, 2008 வாக்கில் பக்கவாட்டில் இரண்டு படுக்கை இருந்த இடத்தில் நடுவே மூன்றாவதைச் செருகினார்கள். 72 பேர் தூங்கும் பெட்டி 81 பேர் பெட்டி ஆயிற்று. வருமானக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதில் மனிதன் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. நாடு முழுவதும் முணுமுணுப்பு எழுந்தது. 2009-ல் அது கைவிடப்பட்டது. கேட்பதற்குப் பாராளுமன்றமும் பத்திரிகையும் இருந்தன; பதில் சொல்ல ஒரு மந்திரி இருந்தார்.

ஆகாயத்தில் யாரிடம் கேட்பது? அமெரிக்காவில் பிரயாணிகள் சங்கம் ஒன்று நீதிமன்றத்தில் கேட்டது. சுருங்கும் இருக்கையில் சிக்கியவர்கள் ஆபத்துக் காலத்தில் விரைந்து வெளியேற முடியுமா என்பது அவர்களின் வாதம். 2017-ல் நீதிபதிகள் அதைச் சிரித்து ஒதுக்கவில்லை. விமானப் பாதுகாப்பு இலாகா விஷயத்தை மறுபடி ஆராய வேண்டுமென்று உத்தரவிட்டார்கள். 2018-ல் அந்நாட்டுச் சட்டசபை, இருக்கைக்குக் குறைந்தபட்ச அளவு வகுக்குமாறு அதே இலாகாவுக்குக் கட்டளையிட்டுச் சட்டமே செய்தது. 1958-ல் இதற்கு மேல் இடம் கொடாதே என்று விதி. அறுபது ஆண்டு கழித்து இதற்குக் கீழே குறைக்காதே என்று விதி கேட்டு வழக்கு!

இனி அன்பர்களின் கேள்விக்கு வருவோம். ரயில்வே ஊழியர் வெளிநாடு செல்ல இலாகாவின் அனுமதி வேண்டும். அதைப் பெற்றுக்கொண்டு, நாம், நம் இல்லாள், மகள், எழுபதைக் கடந்த அம்மா ஆகிய நால்வரும் கரக்பூரிலிருந்து ஹௌரா வரை பாஸிலும், அதற்கப்பால் சொந்தப் பணத்திலும் பிரயாணமானோம். போன விமானத்தில் மகளின் பள்ளிக்கூட அளவுகோலைக் கொண்டு இடைவெளியை அளந்தோம். (பக்கத்து ஆசனத்துக்காரர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.) 29 அங்குலம் முழுதாக இல்லை. முழங்கால் முன் ஆசனத்தில் முட்டிற்று. உணவுக்குத் தனிப் பணம்; நாம் அதை எதிர்பார்த்துப் புளியோதரை கட்டிக்கொண்டு போயிருந்தோம். திரும்பி வந்த விமானத்தில் 32 அங்குலம். சூடான சைவ உணவு. போர்வை, சினிமா எல்லாம் உண்டு. முன்னே ஒரு திரை தொங்கியது, அதற்கப்பால் படுக்கைகள். இரண்டுக்கும் நால்வர் கட்டண வித்தியாசம் நம் மாதச் சம்பளத்தில் ஏறக்குறைய கால் பங்கு. நான்கு மணி நேரத்துக்கு மூன்று அங்குலத்தின் விலை அவ்வளவு பெறுமா என்றால், நம் வரையில் பெறாது. நெட்டையானவர்களும், மூட்டுவலிக்காரர்களும், இரவு முழுவதும் பறக்கப் போகிறவர்களும் கால் பங்கைக் கொடுத்துவிடுவதே உத்தமம். பெட்டியின் எடைக்கு மலிவுக் கம்பெனி தனியாக வசூலிப்பதையும் கூட்டிப் பார்த்த பிறகு சீட்டு வாங்குக. பல சமயம் வித்தியாசம் அதிலேயே பாதி கரைந்துவிடும்.

நம் குடும்பத்தில் அந்தக் குறுகிய ஆசனத்தைப் பற்றிக் குறை சொல்லாதவர் அம்மா ஒருவரே. விமானம் மேலே எழும்பி வார்களை அவிழ்க்கச் சொன்னதும், செருப்பைக் கழற்றிவிட்டு, ஆசனத்தின்மேல் காலை மடக்கிச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார். பணிப்பெண் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். ஜன்னலுக்குக் கீழே வெயிலில் கடல் தகடுபோல் கிடந்தது. பினாங்குப் பக்கம் நெருங்கும்போது, ரஜூலாக் கப்பல் போன வழி இதுவாகத்தான் இருக்கும் என்று காட்டினோம். அம்மா வெகு நேரம் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, “ஏண்டா, உங்க தாத்தா பாய் விரிச்ச எடம் இதைவிடப் பெரிசா இருந்திருக்குமோ?” என்று கேட்டார்.

மகளின் அளவுகோல் நம் கையிலேயே இருந்தது. ஒரு பாயின் நீளம், இரண்டு தகரப் பெட்டிகளின் அகலம் என்று மனத்துக்குள் கணக்குப் போட ஆரம்பித்தோம். கணக்கு முடிவதற்குள் விமானம் இறங்கத் தொடங்கிவிட்டது.